அரிப்பு வெயிலும் ஜெனிற்றாவின் ஊசியும்

கூட்டம் ஒரு சாக்குதான். கொழும்பில் குழந்தை மருத்துவர்கள் கூடுகிறார்கள், வந்து பேசுங்கள் என்று அழைப்பு வந்தபோது நான் யோசிக்காமல் சரி என்றதற்குக் காரணம் கொழும்பு அல்ல, மன்னார். அங்கே அரிப்பு என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. எங்கள் மதுரைப் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். நான் நரம்பு டாக்டர். என் நோயாளி ஒருத்தி அந்த ஊரில் இருக்கிறாள்.

பெயர் ஜெனிற்றா, வயது பதினைந்து. போர்க்காலத்தில் கைக்குழந்தையாகப் படகேறி வந்து மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள். பதினோரு வயதில் ஒருநாள் காலை எழுந்து, இடது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். என்னிடம் கொண்டுவந்தார்கள். பார்வை திரும்பியது. சில மாதத்தில் வலது கால் இழுக்கத் தொடங்கியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று கண்டுபிடித்தோம். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே நரம்பின் மேலுறையைக் கடித்துத் தின்கிற நோய் அது. மின்கம்பியின் உறையை எலி கடித்தால் விளக்கு மினுக்குமே, அப்படி. குழந்தைகளுக்கு அபூர்வமாகத்தான் வரும். வந்தால் போகாது. ஆனால் வாரம் ஓர் ஊசி போட்டால் கட்டுக்குள் வைக்கலாம், படிக்கலாம், ஓடலாம். அவள் ஓடினாள்.

போர் முடிந்து, மீள்குடியேற்றம் என்று குடும்பம் ஊர் திரும்பியது. கொழும்பிலிருந்து ஊசி மருந்து மன்னார் வரைக்கும் வர ஏற்பாடு செய்தோம். அரிப்பில் அப்போது மின்சாரம் கிடையாது. அதனால் மன்னார் பட்டணத்துக் கன்னியர் மடம் ஒன்றில், சிஸ்டர் றெஜினாவின் குளிர்பெட்டியில் மருந்து இருக்கும். தகப்பன் வாராவாரம் மகளைக் கூட்டிவந்து, அங்கேயே தன் கையால் ஊசி போட்டுக் கூட்டிப்போவார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு சிஸ்டரிடமிருந்து போன் வந்தது.

"டொக்டர், மருந்துப் பெட்டியள் அப்பிடியே கிடக்குது. தகப்பன் மாசக்கணக்கா இந்தப் பக்கம் வாறேல்ல. சந்தையில கண்டு கேட்டனான், சிரிச்சுக்கொண்டு போறார்."

இந்த நோயில் மருந்தை நிறுத்தினால் அடுத்த அடி கண்ணிலா காலிலா என்று யாராலும் சொல்ல முடியாது. போனது திரும்பும் என்றும் சொல்ல முடியாது. போய் நேரில் நின்று சண்டை போடுவதென்று முடிவு செய்தேன். சண்டை போடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

கொழும்பில் நான் பேசிய தலைப்பும் இதுதான்: குழந்தைகளுக்கு இந்த நோய் ஏன் வருகிறது, இரத்தத்தில் பாதி, சூழலில் பாதி என்கிறார்களே, அது எந்தக் கணக்கு? நன்றாகவே பேசினேன். கை தட்டினார்கள். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற எனக்கு, அரிப்பில் ஒரு தகப்பன் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மன்னார் பஸ். ராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தீவுக்கு, வானத்தில் ஏறிக் கொழும்பில் இறங்கி, மறுபடி வடக்கே ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா. எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. வழியில் பஸ் நின்றபோது மீன் வைத்த பணிஸ் ஒன்றை வாங்கி என் மடியில் வைத்தார். நம்மூர் பன்னுக்குள் கருவாட்டுக் குழம்பை ஒளித்து வைத்ததுபோல் இருந்தது. இன்னொன்றும் வாங்கித் தின்றேன்.

ஒரு ராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பைகளைப் பார்த்தார்கள். என் பையில் நரம்பைச் சோதிக்கிற ரப்பர்ச் சுத்தியல் இருந்தது. இளம் சிப்பாய் ஒருவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார். "எதை உடைக்கிறதுக்கு எண்டு கேக்கிறார்" என்று நடத்துநர் சொன்னார். நான் ஒரு நாற்காலியைக் காட்டி அவரை உட்காரச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு தட்டினேன். பூட்ஸ் கால் எகிறியது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்து, மற்றக் காலையும் நீட்டினார். அதற்கப்புறம் பையில் வேறெதையும் பார்க்கவில்லை.

மன்னார் பட்டணத்துக்குள் நுழைந்ததும் முதலில் வரவேற்றவை கழுதைகள். எங்கள் ஊரில் மாடு நடுரோட்டில் படுத்திருக்கும், இங்கே கழுதை. பஸ் ஒலியெழுப்பினால் திரும்பிப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. சிஸ்டர் றெஜினா நிலையத்துக்கே வந்திருந்தார். ஒல்லியான, வேகமான மனுஷி. மடத்தில் இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, கூனி இறால் சம்பல். சாம்பாரில் வளர்ந்த எனக்குச் சொதி முதல் வாயில் பால் கஞ்சிபோல் சப்பென்றிருந்தது. சம்பலைத் தொட்டதும் அதன் அருமை புரிந்தது. வெட்கமில்லாமல் மூன்றாம் தடவை கேட்டேன்.

"சாப்பிடுங்கோ, நாளைக்கு உங்களுக்குச் சண்டை பிடிக்கச் சத்து வேணும்" என்றார் சிஸ்டர்.

மறுநாள் காலை ஆட்டோவில் கிளம்பினேன். பாலம் கடந்து பெருநிலத்தில் ஏறியதும் செம்மண் புழுதி. ரோட்டோரம் கண்ணிவெடி அகற்றிய இடம் என்று மண்டையோட்டுப் பலகைகள். அதற்குப் பக்கத்திலேயே புதுத் தகரக் கூரை, புது வேலி, கொடியில் காய்கிற பள்ளிக்கூடச் சட்டை. நானாட்டான் என்ற ஊரைத் தாண்டுவதற்குள் ஆட்டோவின் பின்சக்கரம் ஒரு குழியில் இறங்கி, அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. ஓட்டுநர் குனிந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டில் பேசுகிற குரலில், "இது முடிஞ்சுது அக்கா" என்றார்.

நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டிவந்தவர் நெற்றி நிறையத் திருநீறு வைத்த விவசாயி. கேட்பதற்கு முன்பே நிறுத்தினார்.

"எங்க போறியள்?"

"அரிப்புக்கு."

"நான் அவ்வளவு தூரம் போறேல்ல. பறவாயில்லை, ஏறுங்கோ. கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

மூட்டைமேல் உட்கார்ந்து போனேன். இந்தியாவிலிருந்து வந்த டாக்டர் என்று தெரிந்ததும், இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தன் இடுப்பு வலியை விவரித்தார். நானும் கத்திக் கத்தி வைத்தியம் சொன்னேன். வழியில் போனவர்கள் எல்லாருக்கும் அவர் இடுப்புப் பற்றித் தெரிந்திருக்கும்.

அரிப்பில் நான் இறங்கியபோது உச்சி வெயில். கண் கூசுகிற மணல், அதில் கம்பு நட்டுப் பரப்பிய வலைப் பந்தல்கள், பந்தல் நிறையக் கட்டா மீனும் திருக்கை மீனும் காய்கின்றன. அதற்கு நடுவில் ஒரு பாய். பாயில் என் ஜெனிற்றா.

முகத்தில் வியர்வை வழிய, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் துணிகூட இல்லை. அவள் தகப்பன் சூசைதாசன் பந்தலில் மீனை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்து, அவளிடம் சொன்னார்.

"இப்ப திரும்பியிரு பிள்ளை. முதுகு காய வேணும்."

அவள் திரும்பி உட்கார்ந்தாள். எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டதுகூடத் தெரியாமல் மணலில் ஓடி, உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டேன்.

"என்னய்யா பண்றீங்க?"

என்னைக் கண்டதும் அவர் முகமெல்லாம் மலர்ந்தது. ஒளிக்கிற முகம் இல்லை. பரிசு காட்டுகிற முகம்.

"டாக்டரம்மா! வாங்கோ வாங்கோ. பாருங்கோ, காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் பிள்ளைக்கு வெயில் குடுக்கிறன். ஒரு நாளும் தவறேல்ல."

விஷயம் இதுதான். அவருடைய அண்ணன் ஜெர்மனியில் இருக்கிறார். அவர் போனில் சொல்லியிருக்கிறார்: இங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்த நோய் அதிகம், வெயில் குறைந்த நாடு என்பதால்தான் என்று டாக்டர்மார் சொல்கிறார்கள். பொய் இல்லை. நானே கொழும்பில் அதைத்தான் சொன்னேன். வெயில் படாமல் வளர்கிற குழந்தைகளுக்கு வைட்டமின் டி குறைகிறது, நோய் வருகிற வாய்ப்புக் கொஞ்சம் கூடுகிறது.

"முகாமில பொம்பிளைப் பிள்ளை எண்டு அறைக்குள்ளயே வச்சு வளத்தனாங்கள். வெயில் காணேல்ல. அதுதான் இந்த நோய் வருத்தம் வந்தது" என்றார் சூசைதாசன். "ஈரம் நிண்டால் மீன் பழுதாப்போம். வடிவாக் காய்ஞ்சுதெண்டால் ஒரு புழு அண்டாது. பிள்ளையும் அப்பிடித்தானே?"

"ஊசியை ஏன் நிறுத்துனீங்க?"

"வெயில் குடுக்கத் தொடங்கின பிறகு கண் மங்குது எண்டாள். கால் இழுக்குது எண்டாள். வெயில் கடவுள் தந்தது, அது கெடுக்காது. அப்ப கெடுக்கிறது என்ன? ஊசிதானே? நிப்பாட்டினனான்."

மீனவர் அல்லாத வேறொரு மனிதருக்கு இந்தக் கணக்கு வந்திருக்காது. அதில் ஓட்டை கண்டுபிடிக்கவும் உடனே முடியவில்லை. அவ்வளவு அன்பாகப் போட்ட தப்புக் கணக்கு.

பிள்ளையை முதலில் நிழலுக்குத் தூக்கச் சொன்னேன். அவர்கள் வீடு பாதி சுவர், பாதி தகரம். உள்ளே ஜெனிற்றாவின் அம்மா பிலோமினா ஓடிவந்தார். சுவரில் கோவில் காலண்டர் ஒன்று தொங்கியது. ஜெனிற்றாவை வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, வாசலில் நின்று அதைப் படிக்கச் சொன்னேன்.

"மாசம் தெரியுது டாக்டரம்மா. தேதி எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு." என்னோடு பேசும்போது அவளுக்கு மண்டபம் தமிழ் வந்துவிடும்.

மீன் பெட்டியிலிருந்து ஐஸ் கொண்டுவரச் சொன்னேன். துணியில் சுற்றிக் கழுத்தில் வைத்தோம். கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துண்டைத் தோளில் போட்டு, இளநீர் கொடுத்து, பேசாமல் உட்கார வைத்தோம். அதற்குள் பிலோமினா எனக்குச் சோறு போட்டார். நண்டுக் குழம்பு. கோபத்தோடு நண்டு சாப்பிட முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், ஓட்டை உடைத்து உறிஞ்சுவதற்குள் கோபம் போய்விடுகிறது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மறுபடி வாசலில் நிற்கச் சொன்னேன்.

அவள் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள்.

சூசைதாசன் காலண்டரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வெயிலோ மங்க வச்சது?"

"வெயில் நோயைக் கூட்டலை. ஏற்கனவே உறை போன நரம்பு சூடானா ஒழுங்கா வேலை செய்யாது. ஆறினா திரும்பிடும். இந்த நோய் இருக்கிற எல்லாரும் இப்படி ஆவாங்கன்னு இல்ல. உங்க பொண்ணுக்கு ஆகுது. காலையில கொஞ்ச நேரம் இளவெயில்ல நடக்கட்டும், வைட்டமினுக்கு நான் மாத்திரை தர்றேன். கருவாடு போடற வேலை வேண்டாம். வெயில் குறைஞ்சது நோய் வர்றதுக்கு ஒரு காரணமா இருந்திருக்கலாம். அதுக்காக, வந்த பிறகு வெயில் அதுக்கு மருந்தாகிடாது. மருந்து ஊசிதான்."

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போதே கிளம்பியிருந்தால் ஜெயித்துத்தான் இருப்பேன். ஆனால் பிலோமினா பால் ஊற்றாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, ஒண்டு கேக்கோணும். நாங்கள் மச்சான் மச்சாள். சொந்தத்துக்குள்ள கட்டினதாலயோ வந்தது? இவற்ற சகோதரிமார் என்ர ரத்தம் எண்டு கதைக்கினம்."

மருத்துவமனையில் எத்தனையோ தாய்மார் இதே கேள்வியை எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நான் சூசைதாசனிடம் திரும்பினேன். "உங்க படகு கவிழ்ந்துச்சுன்னா எதனாலன்னு சொல்வீங்க?"

"சோளகக் காத்து அடிச்சிருக்கும். நீரோட்டம் இழுத்திருக்கும். பாரம் கூடியிருக்கும். ஒண்டு மட்டுமெண்டால் சமாளிச்சிருக்கலாம்."

"இதுவும் அப்படித்தான்" என்றேன். சொந்தத்தில் கட்டினால் வருகிற நோய்கள் வேறு உண்டு, இது அந்த வகையில் நேராக இறங்குவது இல்லை. இரத்தத்தில் சில மரபணுக்கள் இருந்தால் வாய்ப்புக் கூடும். அவை தாயிடமிருந்தும் வரும், தகப்பனிடமிருந்தும் வரும், வைத்திருக்கிற பெரும்பாலானவர்களுக்கு நோயே வராது. சின்ன வயதில் ஏறக்குறைய எல்லாருக்கும் தொற்றிப்போகிற ஒரு கிருமி உண்டு, அதற்கும் இதில் பங்கு இருக்கிறது. வெயில் குறைவு ஒன்று. குழந்தை அளவுக்கு மீறிக் குண்டாக இருப்பது ஒன்று. இதைச் சொன்னதும் குச்சிபோல் இருந்த ஜெனிற்றா சிரித்தாள். நான் நிறுத்தவில்லை.

"வீட்டுல பெரியவங்க விடற புகையும் ஒண்ணு."

சூசைதாசனின் காதில் ஒரு பீடி செருகியிருந்தது. மண்டபத்திலிருந்தே கொண்டுவந்த பழக்கம். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். நான் அவசரமாக மற்றதையும் சொன்னேன்: கூடுவது சின்ன அளவுதான், புகை பிடிக்கிற எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் நோய் வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் புகை இனி ஆகாது, நோயை வேகப்படுத்தும். அவர் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது.

"வலை பாத்திட்டு வாறன்" என்று எழுந்து போனார். வரவில்லை.

இரவு நான் அங்கேயே தங்கினேன். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார், சூசைதாசன் விடியவே மடு மாதா கோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாராம். பிலோமினா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"இவ்வளவு வருசமும் என்ர ரத்தம் எண்டு நான் அழுதனான். இப்ப அவற்ற முறை. ஆனா ஊசி போடுறது அவர்தான் டாக்டரம்மா. எனக்குக் கை நடுங்கும். இவள் தன்ர காலில தானே குத்த மாட்டாள். அவர் இல்லாட்டில் ஊசியும் இல்லை."

உண்மையைச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. அந்த வீட்டில் புகை தொடர்ந்தால் கஷ்டப்படப் போவது அவள்தான், சொல்லாமல் விட்டிருந்தால் நான் டாக்டரே இல்லை. ஆனால் பயம் வந்தது. கொழும்பு மேடையில் பட்டியல் வாசித்தால் கை தட்டுகிறார்கள். இங்கே அதே பட்டியலைக் கேட்டு ஒரு மனிதர் வீட்டை விட்டே போய்விட்டார்.

தெரிந்த ஒருவரின் வேனில் மூவரும் மடுவுக்குப் போனோம். ஜெனிற்றாவுக்கு ஜன்னலோரம், கழுத்தில் ஈரத் துண்டு. கொஞ்ச தூரம் போனதும் அவள் என் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"அப்பாவோட பீடியாலதான் வந்துச்சா? உண்மையச் சொல்லுங்க."

"தெரியாதும்மா. எனக்கு மட்டுமில்ல, யாருக்கும் தெரியாது. ஆயிரம் பிள்ளைங்களைச் சேர்த்து வச்சுக் கணக்குப் பார்த்தா புகைக்கு ஒரு பங்கு இருக்குன்னு சொல்லலாம். ஒரே ஒரு ஜெனிற்றாவைக் காட்டி, இதனாலதான்னு சொல்ற கணக்கு இன்னும் யார்கிட்டயும் இல்ல."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் காடு. முதலில் ரயில் பாதை போடுகிறவர்களைப் பார்த்தோம், பிறகு மயில்களை. எங்கள் ஊரில் மயிலுக்கு முருகன் உண்டு, இங்கே அது பாட்டுக்குத் தனியாகத் திரிகிறது.

மடுவில் திருவிழாக் காலம் இல்லை, கூட்டமும் இல்லை. மெழுகுதிரிக் கடைகளில் இரண்டுதான் திறந்திருந்தன. உள்ளே மாதாவின் முன்னால் ஒரு சிங்களக் குடும்பம் முழங்காலில் நின்றது. பிலோமினா மகளை அழைத்துக்கொண்டு போய் அவர்களுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். நான் வெளியே தேடினேன். கோவில் மண்ணைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுபோகிற வழக்கம் இங்கே உண்டு, பாம்பு அண்டாது என்று நம்பிக்கை. அந்த மண் எடுக்கிற இடத்துக்கு அப்பால், மரத்தடியில் சூசைதாசன் உட்கார்ந்திருந்தார். ஒரே இரவில் கன்னம் ஒட்டியதுபோல் இருந்தது. காதில் பீடி இல்லை.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

பையில் இருந்த ரொட்டித் துண்டையும் வாழைப்பழத்தையும் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கி, தின்னாமல் வைத்திருந்தார்.

"அவளின்ர வருத்தத்தை எனக்குத் தா எண்டு மாதாட்டக் கேட்டனான்" என்றார்.

"குடுத்தாங்களா?"

"இல்லை."

"குடுக்க மாட்டாங்க. உங்க வயசுக்கு இது அநேகமா வராது. வேற ஏதாவது கேளுங்க."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "நான் இனி வீட்ட போகேல்ல டாக்டரம்மா. தூரத்துக் கரையில வாடிக் குடிசை போட்டுத் தொழில் செய்யப் போறன். நான் இல்லாட்டில் புகையும் இல்லை. என்ர கையால இனி அவளுக்கு ஊசி ஏறாது. கெடுத்த கை."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. வந்தது நல்லதுதான், கோபம் இருந்தால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும்.

"இதோ பாருங்க. உங்க பாவத்தைக் கேக்க உள்ள சாமியார் இருக்காரு. எனக்கு உங்க பாவம் வேண்டாம், கை வேணும். நாளைக்குக் காலையில மடத்துல ஊசி போடணும். நான் போட மாட்டேன். நான் போட்டா அது ஒரு வாரத்து ஊசி. மத்த வாரம் எல்லாம் யார் போடறது? புகையை விடணும்னா பீடியை விடுங்க. பிள்ளையை விடாதீங்க."

அவர் பழத்தை உரித்து, பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். வேனில் ஏறக் கூப்பிட்டேன், தலையை ஆட்டி மறுத்துவிட்டார். திரும்புகிற வழியில் ஓட்டுநர் வானொலியை நிறுத்திவிட்டார்.

மறுநாள் எனக்குக் கொழும்புக்குப் பஸ். ஜெனிற்றாவும் பிலோமினாவும் மடத்துக்கு வந்திருந்தார்கள். சிஸ்டர் றெஜினா குளிர்பெட்டியைத் திறந்து, ஊசி மருந்து ஒன்றை எடுத்து, குளிர் போகட்டும் என்று மேசையில் வைத்தார். காத்திருந்தோம். பஞ்சு, ஸ்பிரிட், எல்லாம் தயார். சிஸ்டர் ஜன்னலையும் என்னையும் பார்த்தார்.

"டொக்டர், பஸ்ஸுக்கு நேரமாகுது. நீங்களே போட்டுவிடுங்கோவன்."

"மாட்டேன்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நானே போட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஜெனிற்றா எழுந்து வாசலுக்குப் போனாள். வேலிக் கதவுக்கு வெளியே, கழுதைகளுக்குப் பக்கத்தில், சூசைதாசன் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவள் வலது காலைச் சற்று இழுத்தபடி கதவு வரைக்கும் நடந்தாள். என்னோடு பேசுகிற தமிழை விட்டுவிட்டு, அவர்கள் வீட்டுத் தமிழில் பேசினாள்.

"ஏன் அப்பா வெளியில நிக்கிறியள்?"

"நான்தானே பிள்ளை..." என்றார்.

"இருக்கலாம்" என்றாள் அவள். "ரத்தமெண்டால் அது அம்மாவும் நீங்களும் தந்தது. புகையெண்டால் அது நீங்கள் தந்தது. வெயில் காணேல்ல எண்டால் அது ரெண்டு பேரும். டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். ஆனா நான் ஆர் தந்தது? நானும் நீங்கள் தந்ததுதானே. வருத்தத்தை மட்டும் கணக்கில எடுத்துக்கொண்டு போறியள், என்னை ஆரிட்ட விட்டிட்டுப் போறியள்?"

பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிஸ்டர் மேசையில் நேராக இருந்த பஞ்சை மறுபடி நேராக வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

சூசைதாசன் உள்ளே வந்தார். குழாயடியில் நின்று கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி சோப்புப் போட்டார், போதும் என்று சிஸ்டர் சொல்லும்வரைக்கும் கழுவினார். ஜெனிற்றா நாற்காலியில் உட்கார்ந்து, பாவாடையை ஒதுக்கித் தொடையைக் காட்டினாள். அவர் முழங்காலில் நின்றார். ஊசியைப் பிடித்தார். மதுரையில் நான் கற்றுக்கொடுத்தபோது ஒரு தடவைகூடத் தயங்காத கை அது. குத்துவதற்கு முன் நின்றுபோனது.

யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாக முன்னே வந்தது. ஊசி இறங்கியது. மருந்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அவருக்கு அது மறக்கவில்லை.

"நோகுதோ பிள்ளை?"

"ஓம், நோகுது" என்றாள் ஜெனிற்றா. "கையை எடுத்திடாதேங்கோ."

அவர் எடுக்கவில்லை.